பிணைந்து துடிக்க மறுக்கும் வனேடியம் டை ஆக்சைடு அலையியற்றிகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இரண்டு அலையியற்றிகளை (தானாகத் துடித்துக்கொண்டே இருக்கும் மின்சுற்றுகளை) பிணைத்தேன், ஒன்றையொன்று பிடித்து ஒரே அதிர்வெண்ணில் பூட்டிக்கொள்ளவில்லை என்றுதான் பெரும்பாலான புகார்கள் தொடங்கும். தோண்டிப் பார்த்தால் பிணைப்பில் குறை இருக்காது. தனியாக நின்று துடிக்கும்போதே ஒரு அலையியற்றி தடுமாறிக்கொண்டிருக்கும். அதனால் இந்த வழிமுறை தனி அலையியற்றியில் தொடங்கி, இரண்டுக்குப் போய், கடைசியில், பல அலையியற்றிகளைப் பிணைத்து அவற்றின் கட்டங்களில் (ஒவ்வொன்றும் சுழற்சியில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதில்) கணக்கின் விடையைப் படிக்கும் வலைப்பின்னலுக்கு வருகிறது. வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

பொருளைப் பற்றி ஒரு தெளிவு. நிலைமாற்றப் பொருள் என்றதும் பலருக்கு ஜெர்மேனியம், ஆன்டிமனி, டெலூரியம் கலந்த நினைவகப் பொருள்தான் நினைவுக்கு வரும். அது மின்சாரத்தை நிறுத்தினாலும் மாறிய நிலையிலேயே இருக்கும். நினைவகத்துக்கு அது வேண்டும். அலையியற்றிக்கு வேண்டியது நேர்மாறானது: தூண்டல் போனதும் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பும் பொருள். வனேடியம் டை ஆக்சைடு அப்படிப்பட்டது. பெல் ஆய்வகத்தில் எஃப். ஜே. மோரின் 1959இல் காட்டியபடி, சுமார் 68 டிகிரி செல்சியஸில் அது காப்பு நிலையிலிருந்து உலோக நிலைக்குத் தாவுகிறது. குளிரும்போது அதைவிடச் சில டிகிரி கீழே திரும்புகிறது. சாதனத்தின் வழியே மின்னோட்டம் பாய்ந்து சூடேற்றினாலும் இதே தாவல்தான். பளு மின்தடை ஒன்றைத் தொடராகவும் மின்தேக்கி ஒன்றை இணையாகவும் வைத்தால் அலையியற்றி தயார். சாதனம், பளு, மின்தேக்கி மூன்றும் சந்திக்கும் இடத்தையே கீழே முனை என்கிறேன். 1920களில் நியான் விளக்கை வைத்துச் செய்த பியர்சன்-ஆன்சன் சுற்றின் நேரடி வாரிசு இது.

தொடங்குமுன்: நான்கு எண்கள்

ஒவ்வொரு சாதனத்துக்கும் நான்கு எண்கள் கையில் இல்லாமல் மேலே போக வேண்டாம்: காப்பு மின்தடை, உலோக மின்தடை, உலோக நிலைக்குத் தாவும் மேல் வரம்பு மின்னழுத்தம், காப்பு நிலைக்குத் திரும்பும் கீழ் வரம்பு மின்னழுத்தம். கீழே எல்லாக் கணக்குக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: 100 கிலோ ஓம், 1 கிலோ ஓம், 2 வோல்ட், 1 வோல்ட். மின்மூலம் 3 வோல்ட். மின்தேக்கி 100 பிகோ ஃபாரடு.

இந்த அளவீட்டிலேயே ஒரு பொறி இருக்கிறது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தத் தொடரில் 10 கிலோ ஓம் போட்டு மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றுவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த 10 கிலோ ஓமும் கேபிளின் மின்தேக்குதிறனும் சேர்ந்து அங்கேயே ஓர் அலையியற்றியை உருவாக்கிவிடும். மின்னழுத்தம் கொடுத்தபடியே மின்னோட்டத்தை அளக்கும் சோர்ஸ் மீட்டர் மெதுவான கருவி. அது சராசரியை மட்டும் படித்து, வரைபடத்தில் புரியாத ஒரு சரிவையோ நடுக்கத்தையோ காட்டும். அதைப் பார்த்துவிட்டு, படலம் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். நம் உதாரணச் சாதனத்துக்கு 500 ஓம் போட்டால் தாவல் செங்குத்தாக, சுத்தமாகத் தெரியும். மின்னோட்டக் கட்டுப்பாட்டைக் கருவியின் அமைப்பில் மட்டும் வைத்துவிட்டுத் தொடர் மின்தடையே இல்லாமல் ஓட்டுவது வேறு வகை ஆபத்து: கட்டுப்பாடு விழித்துக்கொள்வதற்குள் கேபிளில் தேங்கிய மின்னூட்டம் சாதனத்துக்குள் இறங்கியிருக்கும்.

முனையின் மின்னழுத்தம் ஒரே இடத்தில் நிற்கிறது

எந்த இடத்தில் நிற்கிறது என்பதே விடை. 2 வோல்ட்டுக்குக் கீழே அருகில் நின்றால் சாதனம் காப்பு நிலையில் மாட்டியிருக்கிறது. மேல் வரம்பை எட்ட முடியவில்லை. பளு மின்தடை அதிகம். 1 வோல்ட்டுக்குச் சற்று மேலே நின்றால் உலோக நிலையில் மாட்டியிருக்கிறது. கீழ் வரம்புக்கு இறங்க முடியவில்லை. பளு மின்தடை குறைவு.

பளு இருக்க வேண்டிய இடைவெளியைக் கணக்கிடுவது எளிது. காப்பு நிலையில் மேல் வரம்பைத் தாண்ட, சாதனத்துக்கு 3 வோல்ட்டில் 2 வோல்ட்டாவது கிடைக்க வேண்டும். ஆகவே பளு 50 கிலோ ஓமுக்குக் கீழே. உலோக நிலையில் கீழ் வரம்பில் ஓடும் மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர். மீதி 2 வோல்ட்டைப் பளு தாங்க வேண்டும். ஆகவே 2 கிலோ ஓமுக்கு மேலே. இரண்டுக்கும் நடுவில் பளுக்கோடு (மின்மூலமும் பளுவும் சாதனத்துக்கு அனுமதிக்கும் மின்னழுத்த-மின்னோட்டக் கோடு) எந்த நிலையான புள்ளியிலும் அமராது, சுற்று துடிக்கும்.

இடைவெளியின் நடுவில் 20 கிலோ ஓம் வைத்தும் துடிக்கவில்லையா? உலோக மின்தடையை மறுபடி பாருங்கள். இருமுனை அளவீட்டில் தொடுமுனைகளின் மின்தடையும் அதில் சேர்ந்தே வரும். காப்பு மின்தடைக்கும் உலோக மின்தடைக்கும் உள்ள விகிதம் நல்ல ஒற்றைப் படிகத்தில் பத்தாயிரம் மடங்கையும் தாண்டும். சிலிக்கான் மேல் படிந்த பல்படிகப் படலத்தில் நூறு, ஆயிரம் என்று சுருங்கும். விகிதம் சுருங்கச் சுருங்க பளுவுக்கான இடைவெளியும் சுருங்கும்.

பளுவுக்குப் பதிலாக மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் வைத்து அதன் கேட் மின்னழுத்தத்தால் மின்தடையை மாற்றுவது நல்ல வழக்கம். இடைவெளியைத் தேடவும் பின்னால் அதிர்வெண்ணைச் சரிசெய்யவும் அதே திருகு போதும்.

சிறிது நேரம் துடித்துவிட்டு அடங்கிவிடுகிறது

இதற்கு முதல் சந்தேகம் மின்தேக்கி. வேகம் குறைந்த ஆசிலாஸ்கோப்பில் அலையைப் பார்ப்பதற்காக 100 பிகோ ஃபாரடுக்குப் பதில் 10 நானோ ஃபாரடு போட்டிருக்கிறீர்களா? மின்னிறக்கத்தின்போது மின்தேக்கி முழுவதும் சாதனத்தின் வழியாகத்தான் காலியாகிறது. தாவிய கணத்தில் மின்னோட்டம் 20 மைக்ரோ ஆம்பியரிலிருந்து 2 மில்லி ஆம்பியருக்கு எகிறுகிறது. அந்த உச்சம் மின்தேக்கியைப் பொறுத்து மாறாது. அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதுதான் மாறும். 2 வோல்ட்டிலிருந்து 1 வோல்ட்டுக்கு இறங்கும்போது 100 பிகோ ஃபாரடு விடும் ஆற்றல் 150 பிகோ ஜூல். 10 நானோ ஃபாரடு விடுவது 15 நானோ ஜூல், அதாவது நூறு மடங்கு. நுண்ணிய படலத்தின் ஒரு மெல்லிய இழை வழியே ஒவ்வொரு சுழற்சியிலும் இது பாய்ந்தால் தொடுமுனை ஓரங்கள் முதலில் கெடும். மேல் வரம்பு நகரும், பளுக்கோடு இடைவெளியை விட்டு வெளியேறும், துடிப்பு நிற்கும்.

மெதுவாக்க வேண்டுமானால் இடைவெளிக்குள் பளுவைக் கூட்டுங்கள். சாதனத்துக்கு முன்னால் ஒரு சிறு மின்தடை வைப்பதும் காப்பாற்றும், ஆனால் இலவசமாக அல்ல: 500 ஓம் வைத்தால் முனை 1 வோல்ட்டுக்கு இறங்காது, 1.5 வோல்ட்டிலேயே சாதனம் திரும்பிவிடும். வீச்சு பாதியாகிறது. நான் அந்தப் பேரத்தை ஒத்துக்கொள்வேன். புதிய சாதனத்துக்கு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

முதல் தாவல் மட்டும் அதிக மின்னழுத்தத்தில் நடந்து, அடுத்தடுத்த தாவல்கள் குறைந்த மின்னழுத்தத்தில் நிலைபெற்றால் பதற வேண்டாம். முதல் ஓட்டத்தில் மின்பாதை அமைவது வழக்கம். நான்கு எண்களை அதற்குப் பிறகு எடுங்கள்.

அதிர்வெண் கணக்கைவிடப் பாதியாக இருக்கிறது

20 கிலோ ஓம் பளுவுக்கு மின்னேற்றம் 1.83 மைக்ரோ வினாடி, மின்னிறக்கம் 74 நானோ வினாடி. அதிர்வெண் சுமார் 525 கிலோ ஹெர்ட்ஸ். திரையில் 260 கிலோ ஹெர்ட்ஸ் தெரிந்தால் முனையில் நேரடியாக ஒரு மீட்டர் கோஆக்சியல் கேபிள் தொங்குகிறதா என்று பாருங்கள். அந்தக் கேபிளுக்கே மீட்டருக்குச் சுமார் 100 பிகோ ஃபாரடு உண்டு. பத்துக்கு ஒன்று புரோப் போட்டால் 10 முதல் 15 பிகோ ஃபாரடுதான் கூடும். ஆக்டிவ் புரோப் என்றால் 1 பிகோ ஃபாரடு அளவில் முடிந்துவிடும். கேபிளை எடுக்க முடியாவிட்டால், அதையும் மின்தேக்கியின் பங்காகக் கணக்கில் சேர்த்துவிட்டு எல்லா அலையியற்றிகளுக்கும் ஒரே நீளம் வையுங்கள்.

அதிர்வெண் அலைபாய்கிறது

தாவல் ஒவ்வொரு முறையும் அதே மின்னழுத்தத்தில் நடப்பதில்லை. சுழற்சிக்குச் சுழற்சி சிறு நடுக்கம் இந்தப் பொருளின் இயல்பு. ஆனால் நிமிடங்களில் ஒரே திசையில் நகர்ந்தால் அது வெப்பநிலை. சூடேற்றித்தான் தாவுகிறது என்ற எளிய மாதிரியில், மேல் வரம்பு மின்னழுத்தத்தின் வர்க்கம் 68 டிகிரிக்கும் சூழல் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நேர்விகிதம். 25 டிகிரியில் வித்தியாசம் 43; 35 டிகிரியில் 33. வர்க்கமூலம் எடுத்தால் மேல் வரம்பு 12 சதவீதம் இறங்கி 1.75 வோல்ட்டாகிறது. மற்ற மூன்று எண்களும் மாறாது என்று வைத்துக்கொண்டாலே மின்னேற்ற நேரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்குகிறது. பத்து டிகிரிக்கு இவ்வளவு! குளிரூட்டி அணைந்து எழும் அறையில் இரண்டு அலையியற்றிகளைப் பூட்ட முயல்வது வீண் வேலை. சிப்பை வெப்பநிலை கட்டுப்படுத்திய மேடையில் வையுங்கள். 40 டிகிரியில் நிறுத்திவிட்டு அங்கேயே நான்கு எண்களையும் எடுப்பது, அறை வெப்பத்தை நம்புவதைவிட மேல்.

நுண்ணோக்கியின் விளக்கையும் அணைத்துப் பாருங்கள். அதிர்வெண் நகர்ந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

இரண்டும் பூட்டிக்கொள்ளவில்லை

பிணைப்பு மின்தேக்கி போட்டாயிற்று, ஆனால் அலையின் வீச்சோ சுழற்சி நேரமோ மெதுவாக ஏறி இறங்குகிறது. ஆசிலாஸ்கோப்பை, ஒன்றன் மின்னழுத்தத்தை மற்றதற்கு எதிராக வரையும் எக்ஸ்-ஒய் முறைக்கு மாற்றினால் உருவம் நில்லாமல் புரண்டுகொண்டே இருக்கும். தனி அதிர்வெண்களின் வித்தியாசம் பூட்டு எல்லையைவிடப் பெரிது என்று அர்த்தம்.

முதலில் வித்தியாசத்தைக் குறையுங்கள், பிறகு பிணைப்பைக் கூட்டுங்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரே சிப்பில் அருகருகே உள்ள இரண்டு சாதனங்களுக்குக்கூட மேல் வரம்பு ஒன்றாக இருக்காது. தனி அதிர்வெண்ணை எடுக்கும்போது பிணைப்பைக் கழற்றாமல், மற்றதன் மின்மூலத்தை மட்டும் நிறுத்தி எடுங்கள்; பிணைப்பின் பளு அந்த முனையில் இருக்கும்போதுள்ள அதிர்வெண்தான் உங்களுக்குத் தேவை. பிறகு ஒன்றின் மாஸ்ஃபெட் கேட்டை மெல்ல நகர்த்தி மற்றதோடு நெருக்குங்கள். நெருங்க நெருங்கப் புரளல் மெதுவாகும். ஒரு கட்டத்தில் சட்டென நிற்கும். கேட்டை இரு திசையிலும் நகர்த்தி, எங்கே பூட்டு அவிழ்கிறது என்று குறித்துவைத்தால் பூட்டு எல்லை கிடைத்துவிடும். எல்லையின் நடுவில் வேலை செய்யுங்கள், ஓரத்தில் வேண்டாம்.

பிணைப்பு மின்தேக்கியை முனை மின்தேக்கியின் பத்தில் ஒரு பங்கில் தொடங்கலாம். அதை முனை மின்தேக்கிக்குச் சமமாக வைத்தால்தான் பூட்டுகிறது என்றால் அது பூட்டல்ல, இரண்டும் சேர்ந்து ஒரே சுற்றாகிவிட்டன.

பூட்டிவிட்டதுபோல் தெரிகிறது, எண்கள் ஒத்துப்போகவில்லை

ஆசிலாஸ்கோப் முதல் சேனலில் டிரிகர் ஆகிறது, இரண்டாவது சேனலும் அசையாமல் நிற்கிறது. மகிழ்ச்சி அடைவதற்கு முன் துடிப்புகளை எண்ணுங்கள். ஒன்று இரண்டு முறை துடிக்கும்போது மற்றது மூன்று முறை துடித்தாலும் திரையில் படம் அசையாது. இந்த வகைச் சுற்றுக்கு இது பழைய குணம். நியான் விளக்குச் சுற்றில் டச்சு ஆய்வாளர்கள் வான் டெர் போலும் வான் டெர் மார்க்கும் 1927இலேயே இப்படி முழு எண் பங்குகளில் பூட்டுவதையும், ஒரு பங்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் ஒழுங்கற்ற இரைச்சல் எழுவதையும் எழுதியிருக்கிறார்கள். தீர்வு மேலே சொன்னதுதான்: தனி அதிர்வெண்களை நெருக்குங்கள்.

பிணைப்பை எடுத்த பிறகும் சேர்ந்தே துடிக்கின்றன

இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். பிணைப்பு மின்தேக்கியைக் கழற்றிய பிறகும் பூட்டு அவிழவில்லை என்றால் இதுவரை எடுத்த தரவில் உங்கள் பிணைப்பின் பங்கு எவ்வளவு என்றே சொல்ல முடியாது.

பெரும்பாலும் வழி மின்மூலக் கம்பி. ஒரே நீண்ட கம்பியிலிருந்து இரண்டுக்கும் மின்சாரம் போனால் ஒன்று மின்னோட்டம் இழுக்கும்போது மற்றதன் மின்மூலம் ஒரு கணம் தாழும். மேல் வரம்பை நெருங்கிக்கொண்டிருக்கும் அலையியற்றிக்கு அந்தச் சிறு தள்ளல் போதும். ஒவ்வொரு அலையியற்றியின் அருகிலும் மின்மூலத்துக்கும் தரைக்கும் (கிரவுண்ட்) இடையே 100 நானோ ஃபாரடு போடுங்கள்; தரைக் கம்பிகளை ஒரே புள்ளியில் சேருங்கள்.

அதற்கும் அவிழவில்லை என்றால் வெப்பம். ஒரு சாதனம் தாவும்போது கிளம்பும் சூடு அடிப்படலம் வழியே அடுத்த சாதனத்தின் மேல் வரம்பைத் தாழ்த்துகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இதையே பிணைப்பாக எடுத்துக்கொண்டு, கம்பி இல்லாமல் வெப்பத்தால் பேசும் வனேடியம் டை ஆக்சைடு நியூரான்களைச் செய்திருக்கிறார்கள். உங்களுக்கு அது வேண்டாம் என்றால் தள்ளித் தள்ளி இருக்கும் சாதனங்களைத் தேர்ந்தெடுங்கள், அல்லது இரண்டு தனிச் சிப்புகளுக்குப் போங்கள்.

பூட்டியிருக்கிறது, ஆனால் கட்டம் எதிர்பார்த்தபடி இல்லை

மின்தேக்கியால் பிணைத்தால் எதிர்க்கட்டம், மின்தடையால் பிணைத்தால் ஒரே கட்டம் என்று மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்கள் இங்கே இடறுகிறார்கள். ஆய்வாளர்கள் அபினவ் பரிஹார், நிகில் சுக்லா, சுமன் தத்தா, அரிஜித் ராய்சௌத்ரி ஆகியோர் 2015இல் செய்த பகுப்பாய்வில் அந்த விதி, இரண்டு நிலைமாற்றச் சாதனங்களைத் தொடராக வைத்த சமச்சீர் அமைப்புக்குச் சொல்லப்பட்டது. அங்கே மின்னேற்றமும் மின்னிறக்கமும் ஒரே போக்கில் நடக்கும். நாம் கட்டியிருப்பது ஒரு சாதனமும் ஒரு மின்தடையும். 1.83 மைக்ரோ வினாடி ஏறி, 74 நானோ வினாடியில் விழும் அலையில் அந்தச் சமச்சீர் கிடையாது. இந்த அமைப்பில் கட்ட உறவு சிக்கலானது என்றும், அது பிணைப்பின் மின்தடை, மின்தேக்கி விகிதத்தைப் பொறுத்தது என்றும் அதே பகுப்பாய்வு சொல்கிறது. 180 டிகிரி வராமல் வேறு கோணம் வந்தால் பளுவைக் குறைத்து மின்னேற்ற நேரத்தை மின்னிறக்க நேரத்தோடு நெருக்கிப் பாருங்கள்.

பிணைப்பு மின்தேக்கிக்கு இணையாக ஒளிந்திருக்கும் கசிவுப் பாதையையும் சோதியுங்கள். பலகையில் பசை, வியர்வை, ஃபிளக்ஸ் மிச்சம் எதுவானாலும் மின்தடைப் பிணைப்புதான்.

கணினி மாதிரியில் வரும் இதன் தம்பி ஒன்று உண்டு: மின்தேக்கியால் பிணைத்த இரண்டும் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ஒரே கட்டத்திலேயே துடிக்கின்றன. இரண்டுக்கும் எல்லா எண்களும் ஒன்று, தொடக்க மின்னழுத்தமும் ஒன்று. பிரிய அவற்றுக்குக் காரணமே இல்லை. ஒன்றன் தொடக்க மின்னழுத்தத்தை 10 மில்லி வோல்ட் மாற்றுங்கள். சுற்றுகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் மென்பொருள், நேரப்படி சிறுத்துவிட்டது என்று நின்றால், தாவலைப் படிக்கட்டாக எழுதாமல் வழுவழுப்பான சார்பாக எழுதுங்கள். நேரப்படியின் உச்சத்தைச் சில நானோ வினாடியில் கட்டுங்கள், இல்லாவிட்டால் மின்னிறக்கத்தையே தாண்டிக் குதித்துவிடும்.

வலைப்பின்னல் பெரிதானதும் விடை தவறுகிறது

இரண்டு நன்றாக இருந்தன, எட்டு போட்டதும் கலைந்துவிட்டது. முதலில் முனைகளின் அண்டை எண்ணிக்கையைப் பாருங்கள். 100 பிகோ ஃபாரடு முனையில் 10 பிகோ ஃபாரடு பிணைப்பு ஒன்று இருந்தால் சுமை அதிகபட்சம் 110. ஏழு இருந்தால் 170 வரை போகும். அண்டை அதிகமுள்ள முனை இயல்பாகவே மெதுவாகிவிடும், மற்றவற்றோடு பூட்டாது. அண்டை குறைந்த முனைகளில் தரைக்குப் போலி மின்தேக்கிகளைச் சேர்த்து எல்லா முனைகளின் மொத்தத்தையும் சமப்படுத்துங்கள். இந்த ஒரு வேலையே பல வலைப்பின்னல்களை உயிர்ப்பிக்கும்.

மின்தடைப் பிணைப்பில் வேறு நோய் வரும்: துடிப்பே நின்றுவிடும். ஒவ்வொரு பிணைப்பு மின்தடையும் முனைக்குள் மின்னோட்டம் கொண்டுவரும் இன்னொரு வழி. அண்டைகள் பல உயரத்தில் இருக்கும்போது, உலோக நிலையில் உள்ள முனைக்கு அவை எல்லாம் சேர்ந்து 1 மில்லி ஆம்பியருக்கு மேல் ஊட்டினால் அது கீழ் வரம்புக்கு இறங்கவே முடியாது. பிணைப்பு மின்தடைகளை எல்லாம் ஒரே விகிதத்தில் உயர்த்துங்கள். பிணைப்புகளின் எடைகளுக்கு (வலுவுக்கு) இடையேயான விகிதம் கெடாது.

நினைவில் வைத்த வடிவத்தை மீட்கும் வலைப்பின்னலில், உள்ளீடு ஒவ்வொரு அலையியற்றியையும் சற்றுத் தாமதித்துத் தொடங்குவதன் மூலம் தரப்படுகிறது. மின்மூலம் மெதுவாக ஏறினால் அந்தத் தாமதங்கள் அழிந்துவிடும். எந்த உள்ளீடு கொடுத்தாலும் ஒரே விடை வந்தால் மின்மூலம் ஏறும் வேகத்தைப் பாருங்கள். அரைச் சுழற்சித் தாமதத்துக்கு நம் உதாரணத்தில் கிட்டத்தட்ட 1 மைக்ரோ வினாடி. மின்மூலம் அதைவிடப் பல மடங்கு வேகமாக ஏற வேண்டும்.

புள்ளிகளும் இணைப்புகளும் கொண்ட வரைபடத்தை, வெட்டுப்படும் இணைப்புகள் அதிகபட்சம் ஆகும்படி இரண்டாக வெட்டும் கணக்கில் கட்டங்கள் 0, 180 என்று பிரியாமல் சிதறி நின்றால், இரட்டை அதிர்வெண்ணில் ஒரு சமிக்ஞையை எல்லா முனைகளுக்கும் ஊட்டுங்கள். அதைத் தொடக்கத்திலேயே முழு வலுவில் ஊட்டினால் அவரவர் இருந்த இடத்திலேயே உறைந்துவிடுவார்கள், விடை தவறாக ஆனால் அழகாக இருக்கும். பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். இணைந்த புள்ளிகளுக்கு வெவ்வேறு நிறம் வரும்படி மூன்று நிறம் தீட்டும் கணக்குக்கு இது கூடாது. முக்கோணத்தில் பிணைந்த மூன்றும் 120 டிகிரி இடைவெளியில் பரவுவதுதான் அங்கே சரியான விடை, இரட்டை அதிர்வெண் அதைக் கெடுத்துவிடும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் விடை மாறினால் உடனே பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சுமன் தத்தாவின் குழு 2021இல் வெளியிட்ட எட்டு அலையியற்றிச் சுற்றில், சாதனத்தின் இயல்பான நடுக்கமே தவறான பள்ளத்திலிருந்து (சிறந்ததல்லாத விடையில் மாட்டிக்கொண்ட நிலையிலிருந்து) வெளியே ஏறப் பயன்பட்டது. பலமுறை ஓட்டி, அதிகம் வரும் விடையை எடுங்கள். எப்போதும் ஒரே தவறான விடை வருவதுதான் கவலைக்குரியது: அப்போது ஒரு முனை மற்றவற்றைவிட வேகமாக ஓடி எல்லாவற்றையும் இழுக்கிறதா என்று, ஒவ்வொன்றாகக் கேட்டை அணைத்து மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.